கொரோனியம்: இல்லாத தனிமமும் தீராத வெப்பப் புதிரும்

ஆய்வுச்சுருக்கம்

1869ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரிய ஒளிமகுடத்தின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு காணப்பட்டது. பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்தின் அடையாளம் எனக் கருதப்பட்ட அக்கோட்டின் பெயரால் 'கொரோனியம்' என்னும் தனிமம் அறிவியல் நூல்களில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. 1939ஆம் ஆண்டுக்கும் 1943ஆம் ஆண்டுக்கும் இடையில் அது இரும்பின் கோடு என நிறுவப்பட்டது. ஹீலியத்தின் வெற்றி கொரோனியம் பற்றிய நம்பிக்கைக்கு எவ்வாறு துணைநின்றது, விடைக்கான சான்றுகள் கையில் இருந்தும் அவை ஒன்றுசேரக் காலம் பிடித்தது ஏன், ஒரு புதிரின் விடை அதனினும் பெரிய புதிரை எவ்வாறு தோற்றுவித்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சூரிய ஒளிமகுடம், கொரோனியம், நிறமாலையியல், ஹீலியம், எட்லேன், ஒளிமகுட வெப்பம், அறிவியல் வரலாறு.

முன்னுரை

ஹீலியத்தின் கண்டுபிடிப்பு வரலாறு பலமுறை எழுதப்பட்ட ஒன்று. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தில் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சன் சூரியனை நோக்கினார் என்பதும், பூமியில் கிடைக்கும் முன்னரே சூரியனில் ஒரு தனிமம் கண்டறியப்பட்டது என்பதும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். அடுத்த ஆண்டே நிகழ்ந்த மற்றொரு கிரகணத்தில் அதே முறையில், அதே வகைக் கருவியால், அதே தர்க்கத்தின் வழியே கண்டறியப்பட்டதாகக் கருதப்பட்ட இன்னொரு தனிமத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. அத்தனிமம் இல்லை என்பது பின்னர்த் தெரிந்ததே அதற்குக் காரணம்.

வென்ற கருதுகோள்களை மட்டும் வரிசைப்படுத்துவது அறிவியல் வரலாற்றில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தின் குறை, ஆய்வாளர் தம் காலத்தில் எதைக் கண்டு எதை ஊகித்தனர் என்பதை அது மறைத்துவிடுவதாகும். 1880ஆம் ஆண்டில் நின்று பார்த்தால் ஹீலியமும் கொரோனியமும் ஒரே தகுதியுடைய கருதுகோள்களே. அவற்றுள் எது நிலைக்கும் என்று கூறுவதற்குரிய சான்று அன்று எவரிடமும் இல்லை. அந்நிலையிலிருந்து தொடங்கினால்தான் கொரோனியத்தின் வரலாறு விளங்கும்.

1868 முதல் 1871 வரை

நிறமாலைநோக்கி வானியலுக்கு வந்து பத்தாண்டுகள்கூட நிறையாத காலம் அது. 1859ஆம் ஆண்டில் கிர்க்காஃப், புன்சன் ஆகிய இருவரும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைத் தரும் என்பதை நிறுவியிருந்தனர். அதன் பின்னர் எட்டாத் தொலைவிலுள்ள விண்பொருளின் வேதியியலையும் அறியலாம் என்ற துணிவு பிறந்தது. 1868ஆம் ஆண்டின் கிரகணம் அத்துணிவுக்குக் கிடைத்த முதற் பெருவாய்ப்பு. கிரகணப் பாதை தென்னிந்தியாவைக் கடந்து சென்றதால் ஐரோப்பியக் குழுக்கள் பல இங்கு வந்தன. சென்னை வான்நோக்ககத்தின் தலைவரான நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கினார். அவருடைய முதல் உதவியாளரும், அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவருமான சிந்தாமணி இரகுநாதாச்சாரி வனபர்த்தியில் தனிக்குழு ஒன்றை நடத்தினார்.

இங்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஜான்சன் குண்டூரில் 'ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்' என்று எழுதுவது வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது. சூரிய விளிம்பிலிருந்து எழும் செந்நிறப் பிழம்புகள் ஒளிவிடும் வாயுவால் ஆனவை என்பதையும், கிரகணம் இல்லாத நாளிலும் நிறமாலைநோக்கியால் அவற்றைக் காணலாம் என்பதையுமே அவர் கண்டார். பிழம்புகளின் மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை என வற்புறுத்தி, அதனைப் புதிய தனிமத்தின் அடையாளமாக முன்னிறுத்தியவர் அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நோக்கிய நார்மன் லாக்கியர். வேதியியலாளர் பலர் அக்கூற்றை நீண்ட காலம் ஐயத்துடனேயே அணுகினர். 1895ஆம் ஆண்டில் வில்லியம் ராம்சே, கிளீவைட் என்னும் யுரேனியக் கனிமத்திலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுக்கும் வரை, ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள், ஹீலியமும் ஒரு கோட்டின் பெயராகவே இருந்தது.

1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கிரகணம் வட அமெரிக்காவைக் கடந்தது. அயோவா மாநிலத்தில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் தனித்தனி இடங்களிலிருந்து ஒளிமகுடத்தை நோக்கினர். மறைக்கப்பட்ட சூரியனைச் சூழ்ந்து முத்து நிறத்தில் பரவும் அவ்வொளியின் தொடர் நிறமாலையில் பச்சைப் பகுதியில் ஒரே ஒரு கோடு தனித்து ஒளிர்ந்ததை இருவரும் கண்டனர். கிர்க்காஃபின் அளவுகோலில் 1474 என்ற இடத்தில் அது அமைந்திருப்பதாகக் கணிக்கப்பட்டது. அவ்விடத்தில் இரும்பின் கோடு ஒன்று உண்டு. எனவே முதலில் முன்வைக்கப்பட்ட விடை 'இரும்பு' என்பதே. அந்த விடை பின்னர்த் தவறான காரணத்திற்காகக் கூறப்பட்டது எனத் தள்ளப்பட்டதும், எழுபது ஆண்டுகள் கழித்துச் சரியான காரணத்துடன் திரும்பி வந்ததும் அறிவியல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்திற்காக ஆய்வாளர்கள் மீண்டும் தென்னிந்தியாவுக்கு வந்தனர். லாக்கியர் மலபார்க் கடற்கரையின் பேக்கல் கோட்டையையும், ஜான்சன் நீலகிரியில் சோலூரையும் தேர்ந்தனர். பச்சைக் கோட்டோடு, சூரிய ஒளிக்கே உரிய கரிய உட்கவர் கோட்டின் தடமும் ஒளிமகுடத்தில் தென்படுவதை ஜான்சன் நீலகிரியில் கண்டார். ஒளிமகுடத்தின் ஒளி ஒரே மூலத்திலிருந்து வருவதன்று. தானே ஒளிவிடும் வாயுவும், சூரிய ஒளியைச் சிதறடிக்கும் பொருளும் அங்கு ஒருசேர உள்ளன என்பது இதன் பொருள். கரிய கோடுகளுக்குக் காரணம் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தூசித்துகள்கள் என்பது பிற்கால விளக்கம். உள் ஒளிமகுடத்தில் அக்கோடுகள் மங்கி மறைவது ஏன் என்ற வினா மட்டும் அறுபது ஆண்டுகள் காத்திருந்தது.

பெயரிடப்பட்ட அறியாமை

1876ஆம் ஆண்டில் யங் பிரிதிறன் மிகுந்த கருவியால் 1474ஆம் கோட்டை மீண்டும் ஆராய்ந்தபோது அது உண்மையில் இரட்டைக் கோடு என்பது தெரிந்தது. அவற்றுள் ஒன்று இரும்பினுடையது. ஒளிமகுடத்திற்கு உரியதாகக் கருதப்பட்ட மற்றது எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. இரும்பு விலகியதும் அவ்விடத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. 'கொரோனியம்' என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வழக்குக்கு வந்தது.

அளவீட்டில் இன்னொரு பிழையும் நெடுங்காலம் நீடித்தது. கோட்டின் அலைநீளம் 5317 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருப்பதாகவே பல கிரகணங்களின்போதும் கருதப்பட்டது. அவ்வெண் சூரியனின் நிறக்கோளத்திலிருந்து வரும் அண்டைக் கோட்டுக்கு உரியது. 1898ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இந்தியாவில் தெரிந்த கிரகணத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களே உண்மையான அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம் என்பதைக் காட்டின. இருபத்தொன்பது ஆண்டுகள் ஆய்வாளர்கள் தவறான இடத்தில் தேடியிருந்தனர். இதனைக் கவனக்குறைவு எனக் கொள்வது நியாயமாகாது. ஒளிமகுடத்தின் ஒளி சூரியத் தட்டின் ஒளியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. முழுமறைப்பு எந்தக் கிரகணத்திலும் ஏழரை நிமிடங்களைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களே. கடல் கடந்து கருவிகளைக் கொண்டுவந்து, மேகம் மறைத்ததால் வெறுங்கையுடன் திரும்பிய குழுக்களும் உண்டு.

1895ஆம் ஆண்டில் ஹீலியம் பூமியில் கிடைத்ததும் நிலைமை மாறியது. கோட்டை முதலில் வானில் கண்டு, தனிமத்தைப் பின்னர் மண்ணில் தேடும் முறைக்கு அது மறுக்க முடியாத முன்மாதிரியாயிற்று. ராம்சேயும் அவருடன் பணியாற்றியவர்களும் நியான், கிரிப்டான், செனான் என அடுத்தடுத்து வாயுக்களைக் கண்டறிந்த அவ்வாண்டுகளில், கொரோனியமும் ஏதேனும் ஓர் ஆய்வகக் குடுவையில் தோன்றிவிடும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. 1898ஆம் ஆண்டில் இத்தாலிய வேதியியலாளர் நசீனியும் அவருடைய கூட்டாளிகளும் எரிமலைப் பகுதி வாயுக்களில் கொரோனியத்தின் கோட்டைக் கண்டதாக அறிவித்தனர். அது உறுதிப்படவில்லை.

மென்டெலீவ் ஒரு படி மேலே சென்றார். ஈதரை வேதியியல் நோக்கில் விளக்க முயன்ற அவரது சிறுநூல் 1904ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் மந்த வாயுக்களின் தொகுதியில் ஹைட்ரஜனுக்கும் இலேசான ஒரு தனிமமாகக் கொரோனியத்துக்கு இடமளித்து, அதன் அணு எடை ஏறத்தாழ 0.4 என மதிப்பிட்டார். ஒளிமகுடம் சூரிய மேற்பரப்புக்கு மேல் பல இலட்சம் கிலோமீட்டர் உயரத்திற்குப் பரவியுள்ளது. அத்துணை உயரம் எழும் வாயு மிக இலேசானதாகவே இருக்க வேண்டும் என்பது அவரது கருத்தின் அடிப்படை. உயரத்திற்குக் காரணம் குறைந்த எடையாகவும் இருக்கலாம், மிகுந்த வெப்பமாகவும் இருக்கலாம். அன்று எடை என்ற வழி மட்டுமே எல்லோர் கண்ணிலும் பட்டது.

கொரோனியம் தனித்து நிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது. 1864ஆம் ஆண்டில் வில்லியம் ஹக்கின்ஸ் ஒண்முகிற்படலம் ஒன்றில் கண்ட பச்சைக் கோடுகளுக்காக 'நெபுலியம்' பிறந்தது. வடதுருவ ஒளியின் பச்சைக் கோட்டை விளக்க 1911ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் வேகனர் வளிமண்டலத்தின் உச்சியில் 'ஜியோகொரோனியம்' என்னும் வாயு இருப்பதாகக் கூறினார். கண்ட நகர்வுக் கொள்கையை அவர் முன்வைத்தது அதற்கு அடுத்த ஆண்டில். ஒருவருடைய இரு துணிகரக் கருதுகோள்களில் ஒன்று மறக்கப்பட்டு, மற்றொன்று புவியியலையே மாற்றியது. ஆய்வாளரின் மனப்பாங்கைக் கொண்டு மட்டும் கருதுகோளின் தலைவிதியைக் கணிக்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அட்டவணையில் இடமின்மை

1913ஆம் ஆண்டில் மோஸ்லி, தனிமங்களை ஒழுங்குபடுத்துவது அணு எடையன்று, அணு எண்ணே என நிறுவினார். அணு எண் முழு எண்ணாகவே அமையும். ஒன்றுக்குக் கீழே இடமில்லை. இலேசான தனிமங்களுக்கு இடையில் காலியிடமும் இல்லை. அன்றே கொரோனியம் கொள்கையளவில் முடிந்துவிட்டது. ஆனால் கோடு கிரகணந்தோறும் அதே இடத்தில் தோன்றிக்கொண்டிருந்தது. தனிமம் இல்லாமற் போனதால் புதிர் எளிதாகவில்லை. முன்பு இருந்த விடையும் இல்லாமற் போயிற்று.

விடை எந்தத் திசையில் உள்ளது என்பதை இரு பணிகள் காட்டின. முதலாவது, 1920ஆம் ஆண்டில் மேகநாத் சாஹா வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. ஒரு தனிமத்தின் நிறமாலை அத்தனிமத்தை மட்டுமன்றி வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்தது என்பதையும், அணு எலக்ட்ரான்களை இழக்க இழக்க அதன் கோடுகள் முற்றிலும் மாறிவிடும் என்பதையும் அது அளவுமுறையில் காட்டியது. இரண்டாவது, 1927ஆம் ஆண்டில் ஐரா போவன் நெபுலியத்தின் கோடுகள் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் 'விலக்கப்பட்ட' கோடுகள் என நிறுவியது. சாதாரண ஒளியுமிழ்வு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் நிகழ்வது. விலக்கப்பட்ட மாற்றங்கள் நிகழ அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். ஆய்வகக் குழாயில் அதற்குள் வேறோர் அணு மோதி ஆற்றலைப் பறித்துவிடும். மிக அடர்த்தி குறைந்த விண்வெளி வாயுவிலேயே அவை தடையின்றி நிகழும். புதிய தனிமத்திற்குப் பதிலாகப் பழைய தனிமத்தின் அரிய நிலையைத் தேட வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. வடதுருவ ஒளியின் கோடும் ஆக்சிஜனுடையதே என மக்லென்னன், ஷ்ரம் ஆகியோர் 1925ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர்.

சான்றுகள் சேர்ந்த விதம்

நெபுலியம் தீர்ந்த பின்னரும் கொரோனியம் தீரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இத்தாமதத்தைக் கருவிக்குறையால் மட்டும் விளக்க முடியாது. 1930ஆம் ஆண்டில் பெர்னார் லியோ, சூரியத் தட்டைச் செயற்கையாக மறைத்துச் சிதறொளியை அடக்கும் மகுடநோக்கியை உருவாக்கி, பிரான்சின் பிக் து மிதி மலையுச்சியிலிருந்து கிரகணம் இல்லாத நாளிலும் ஒளிமகுடத்தைக் கண்டார். அகச்சிவப்புப் பகுதியில் புதிய கோடுகளும் கிடைத்தன. நிமிடங்களாக இருந்த ஆய்வுநேரம் மணிகளாக விரிந்தது.

1930களில் கைவசமிருந்த தடயங்கள் இவை. உள் ஒளிமகுடத்தின் தொடர் நிறமாலையில் சூரிய ஒளியின் கரிய கோடுகள் அழிந்து காணப்படுகின்றன. விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விரையும் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்தாலன்றி அவ்வாறு நிகழாது என்பதை வால்டர் குரோட்ரியன் கண்டிருந்தார். ஒளிமகுடம் பரவியுள்ள உயரம் மற்றொரு தடயம். சூரிய மேற்பரப்பின் வெப்பநிலையான 5,800 கெல்வின் அளவில் வாயு இருந்தால், ஈர்ப்பு அதனைச் சில நூறு கிலோமீட்டர்களுக்குள்ளேயே அடர்த்தி குன்றச் செய்துவிடும். மூன்றாவது, லியோ அளந்த பச்சைக் கோட்டின் மிகையான அகலம்.

மூன்றும் ஒரே விடையைச் சுட்டுகின்றன: பத்து இலட்சம் பாகை அளவிலான வெப்பம். ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கலாகவே கையாளப்பட்டது. வெப்பமூலத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெப்பம் குறையும் என்பது அன்றாட அறிவு; அடுப்பை விட்டு அகல அகலச் சூடு கூடுவதாகக் கூறினால் எவரும் கூறியவரையே ஐயுறுவர். சான்றின்மை அல்ல, சான்று சுட்டிய எண்ணின் நம்பத்தகாமையே தடையாக நின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கோட்டின் அகலத்தைக் கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம். அணுக்களின் வெப்ப இயக்கத்தால் கோடு அகலும். ஒரே அகலத்திற்கு, அணு எடை கூடக் கூட அதே விகிதத்தில் உயர்ந்த வெப்பநிலை தேவைப்படும். இருபது இலட்சம் கெல்வினில் உள்ள இரும்பு அணுக்களின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அணு எடை 0.4 உடைய கற்பனைக் கொரோனியம் அதே வேகத்தைப் பெறுவதற்கு, எளிய கணக்கின்படி, ஏறத்தாழ 14,000 கெல்வின் போதும். அதாவது மென்டெலீவின் தனிமம் உண்மையாக இருந்திருந்தால் ஒளிமகுடத்தின் வெப்பநிலை வியப்பளிக்கும் எண்ணாகவே இருந்திருக்காது. இல்லாத தனிமம் ஒரு கோட்டுக்குப் பெயரளித்ததோடு நிற்கவில்லை. அக்கோடு வெளிப்படுத்தியிருக்கக்கூடிய வெப்பத்தையும் மறைக்கத் தக்கதாக இருந்தது.

எட்லேனின் இரும்பு

ஒளிமகுடத்திற்கே உரியவை எனக் கருதப்பட்ட கோடுகள் 1933ஆம் ஆண்டில் முதன்முறையாக வேறிடத்தில் தென்பட்டன. ஓபியூகஸ் விண்மீன் தொகுதியில் வெடித்த ஆர்.எஸ். ஓபியூகி என்னும் நோவாவின் நிறமாலையில் ஆடம்ஸ், ஜாய் ஆகியோர் அவற்றைக் கண்டனர். 1939ஆம் ஆண்டில் போவனும் சுவீடன் நாட்டின் பெங்ட் எட்லேனும் மற்றொரு நோவாவில் ஆறு எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் விலக்கப்பட்ட கோடுகளை இனங்கண்டனர்.

எட்லேன் உப்சாலாவில் வெற்றிடத் தீப்பொறிகளின் நிறமாலையை ஆராய்ந்து வந்தவர். எலக்ட்ரான்களை மிகுதியாக இழந்த அணுக்களின் ஆற்றல்நிலைகளை ஒரே எண்ணிக்கையிலான எலக்ட்ரான்களைக் கொண்ட அணு வரிசைகளாக அடுக்கி, அளவிட முடிந்தவற்றிலிருந்து அளவிட முடியாதவற்றைக் கணிப்பது அவரது முறை. ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த இரும்பில் எஞ்சுபவை பதினேழு. குளோரினுக்கு உள்ளவையும் அத்தனையே. பத்து இழந்தால் கந்தகத்தை ஒக்கும். எட்லேன் வெளியிட்டிருந்த இவ்வளவீடுகளைக் குரோட்ரியன் ஒளிமகுடக் கோடுகளோடு ஒப்பிட்டார். 6374 ஆங்ஸ்ட்ராம் சிவப்புக் கோடு ஒன்பது எலக்ட்ரான்களை இழந்த இரும்புக்கும், 7892 ஆங்ஸ்ட்ராம் கோடு பத்து இழந்த இரும்புக்கும் பொருந்துவதை 1939ஆம் ஆண்டில் அறிவித்தார்.

எஞ்சிய பணியை எட்லேன் முடித்தார். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது விரிவான ஆய்வு, ஒளிமகுடக் கோடுகளில் பெரும்பாலானவை இரும்பு, நிக்கல், கால்சியம் ஆகியவற்றின் உயர்நிலை அயனிகளுக்கு உரியவை எனக் காட்டியது. 5303 ஆங்ஸ்ட்ராம் பச்சைக் கோடு தன் இருபத்தாறு எலக்ட்ரான்களில் பதின்மூன்றை இழந்து, அலுமினியத்தை ஒத்த அமைப்புடன் நிற்கும் இரும்பின் விலக்கப்பட்ட கோடு. இந்நிலையை ஆய்வகத்தில் நேரில் அளந்து அவர் கூறவில்லை. வரிசையை நீட்டிக் கணித்தே கூறினார். கணிப்பும் கோடும் பொருந்தியதே சான்று. 1869ஆம் ஆண்டில் கூறப்பட்ட 'இரும்பு' என்ற விடை இவ்வாறு திரும்பியது. முதல் விடை சரியாக அமைந்தது தற்செயல் மட்டுமே; அன்று ஒப்பிடப்பட்ட கோடும் வேறு, அலைநீளமும் வேறு.

ஸ்டாக்ஹோமில் ஹானஸ் ஆல்வேன் 1941ஆம் ஆண்டிலேயே தனித்தனியாகக் கிடந்த தடயங்களைத் தொகுத்து, ஒளிமகுடம் மிக உயர்ந்த வெப்பத்தில் உள்ளது என வாதிட்டிருந்தார். எட்லேனின் முடிவே பின்னர் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது. போர்க்காலத்தில் வெளிவந்த கட்டுரை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

புதிரின் இடமாற்றம்

பச்சைக் கோட்டின் மூலம் தெரிந்ததும், 5,800 கெல்வின் வெப்பமுள்ள மேற்பரப்புக்கு மேல் இருபது இலட்சம் கெல்வின் வெப்பமுள்ள வாயு எவ்வாறு நிலைபெற்றுள்ளது என்ற வினா எழுந்தது. 'எத்தனிமம்?' என்ற வேதியியல் வினா, 'ஏன் இவ்வளவு வெப்பம்?' என்ற இயற்பியல் வினாவாக மாறியது. முதல் வினாவுக்கு விடை காண எழுபது ஆண்டுகள் ஆயின. இரண்டாவது எண்பது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்கிறது.

தொடக்கத்தில் கூறப்பட்ட விளக்கங்களில் சாஹாவினுடையதும் ஒன்று. சூரிய மேற்பரப்புக்கு அருகில் கன அணுக்கருக்கள் பிளவுபடுவதால் எலக்ட்ரான்களை இழந்த அணுக்கள் பெரும் வேகத்துடன் எறியப்படுகின்றன என்று அவர் 1940களில் கருதினார். அணுக்கருப் பிளவு கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் அது துணிவான ஊகம், நிலைக்கவில்லை. மேற்பரப்பின் கொதிப்பிலிருந்து எழும் ஒலியலைகள் மேலே சென்று வெப்பமாகின்றன என்று பியர்மான், ஷ்வார்ட்ஸ்சைல்டு ஆகியோர் கூறினர். காந்தப்புலக் கோடுகள் வழியே செல்லும் அலைகளே காரணம் என்று ஆல்வேன் 1947ஆம் ஆண்டில் முன்வைத்தார். 1970களின் விண்கல அளவீடுகள் ஒலியலைகள் நிறக்கோளத்தைத் தாண்டுமுன்பே பெரும்பகுதி ஆற்றலை இழந்துவிடுவதைக் காட்டியபின் காந்தப்புலமே களத்தில் எஞ்சியது.

சூரியனுக்குக் காந்தப்புலம் உண்டு என்ற அறிவும் ஒரு கோட்டிலிருந்தே கிடைத்தது. 1908ஆம் ஆண்டில் ஹேல், சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கொண்டு அவற்றின் காந்தப்புலத்தை அறிந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கோடைக்கானல் வான்நோக்ககத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியால் கண்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின் பின், பருவமழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற தேடலிலிருந்து உருப்பெற்ற நிறுவனம் அது. மழை பற்றிய வினாவுக்கு அங்கு விடை கிடைக்கவில்லை. 1904ஆம் ஆண்டு முதல் அங்கு எடுக்கப்பட்ட சூரிய ஒளிப்படங்கள் இன்று சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்வோர் நாடும் ஆவணங்களாக உள்ளன.

ஒளிமகுடத்தை வெப்பநிலை குன்றாமல் வைத்திருக்கத் தேவையான ஆற்றல் சூரியன் வெளியிடும் மொத்த ஆற்றலோடு ஒப்பிட அற்பமானது. அமைதியான பகுதியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 வாட், கிளர்ச்சிமிக்க பகுதியில் 10,000 வாட் எனக் கணக்கிடப்படுகிறது. சூரிய மேற்பரப்பு ஒளியாக வெளியிடுவதோ சதுர மீட்டருக்கு ஆறு கோடி வாட்டுக்கும் மேல். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அது எந்த வழியே மேலேறி, எவ்வாறு வெப்பமாக மாறுகிறது என்பதே சிக்கல்.

யூஜின் பார்க்கரின் விடை ஆல்வேனின் விடையிலிருந்து மாறுபட்டது. மேற்பரப்பு ஓயாமல் கலங்குவதால் காந்தப்புலக் கோடுகள் சடைபோலப் பின்னிச் சிக்குகின்றன. சிக்கல் ஓர் எல்லையைத் தாண்டும்போது அவை அறுந்து மறுஇணைப்புற்று ஆற்றலை வெளிவிடுகின்றன. பெரிய சூரியச் சுடர்வெடிப்பின் ஆற்றலில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்குடைய இச்சிறு வெடிப்புகளை அவர் 1988ஆம் ஆண்டில் 'நானோ வெடிப்புகள்' என அழைத்தார். அவை தனித்தனியே காண இயலாத அளவு சிறியவை. எனவே 1991ஆம் ஆண்டில் ஹியூ ஹட்சன் மறைமுகமான ஒரு சோதனையை முன்வைத்தார். வெடிப்புகளின் ஆற்றல் குறையக் குறைய அவற்றின் எண்ணிக்கை எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதைக் காட்டும் அடுக்கெண் 2க்கு மேற்பட்டால், மொத்த ஆற்றலில் சிறியவற்றின் பங்கே மிகும். 2க்குக் கீழென்றால் பெரியவற்றின் பங்கு மிகும். அதன் பின் செய்யப்பட்ட அளவீடுகள் அவ்வெல்லையின் இரு பக்கங்களிலும் விழுந்துள்ளன. எதனை ஒரு வெடிப்பு எனக் கணக்கில் கொள்வது என்ற தீர்மானத்தைப் பொறுத்தே எண் மாறுகிறது. 1869ஆம் ஆண்டின் அளவீட்டுச் சிக்கல் வேறு உருவில் மீண்டும் வந்துள்ளது எனலாம்.

2018ஆம் ஆண்டில் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒளிமகுடத்தின் புறவெல்லைக்குள் முதன்முறையாக நுழைந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சூரிய மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவை எட்டியது. சோலார் ஆர்பிட்டர் விண்கலம் 2020ஆம் ஆண்டில் அனுப்பிய படங்களில் முன்பு காணாத சிறு ஒளிர்வுகள் எங்கும் தென்பட்டன. அவை பார்க்கர் கூறிய வெடிப்புகளைவிடப் பெரியவை. ஒளிமகுடத்தின் வெப்பத்திற்கு அவையே போதுமா என்பது விவாதத்தில் உள்ளது. அலைகளும் வெடிப்புகளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல, இடத்திற்கு இடம் ஒன்று மிகுந்து மற்றது குறையலாம் என்ற கருத்து இன்று பலரிடம் காணப்படுகிறது.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் முதன்மைக் கருவியான மகுடநோக்கியை உருவாக்கியது, கோடைக்கானல் வான்நோக்ககத்தை இன்று நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம். அக்கருவியின் நிறமாலைப் பகுதி மூன்று கோடுகளை நோக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது: லியோ கண்டறிந்த 10747 ஆங்ஸ்ட்ராம் அகச்சிவப்புக் கோடு, குரோட்ரியன் இனங்கண்ட 7892 ஆங்ஸ்ட்ராம் கோடு, 5303 ஆங்ஸ்ட்ராம் பச்சைக் கோடு. பச்சைக் கோட்டின் அகலத்தில் இரும்பு அணுக்களின் வெப்ப இயக்கத்திற்கு உரியது போக ஒரு பகுதி எஞ்சுகிறது. அது அலைகளின் அசைவால் வருவதா, நோக்கும் திசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல ஓட்டங்களால் வருவதா என்பதைப் பிரித்தறிய, அவ்வகலம் உயரத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பது அளக்கப்பட்டு வருகிறது.